பட்டாவியாவின் கோழிகளும் எங்கள் வீட்டுச் செவலையும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஏழு மணி இருக்கும். மொட்டை மாடியிலிருந்து மகள் கத்தினாள். "அப்பா, செவலை எந்திரிக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் வரை கொக்கரித்துக்கொண்டிருந்த கோழி, கால் இரண்டையும் மடக்கிக் கூண்டின் மூலையில் உட்கார்ந்திருந்தது. தூக்கி நிறுத்தினால் ஒரு எட்டு வைக்கும், இறக்கையை விரித்து சமாளிக்கப் பார்க்கும், அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். கண் தெளிவாகத்தான் இருந்தது. கையில் சோறு வைத்து நீட்டினால் கொத்தவும் செய்தது. கால் மட்டும் அதன் பேச்சைக் கேட்கவில்லை.

செவலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் கும்பகோணம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அம்மா ஒயர் கூடையில் இரண்டு குஞ்சு கொண்டுவந்தார். ஒன்றைப் பூனை கொண்டுபோனது. மிச்சம் இருந்தது இது. பின்பக்கத்துக் காலி மனைதான் அதன் ராஜ்யம். கரையான், புல், புழு, குப்பை எல்லாம் கிளறித் தின்று தானாக வளர்ந்தது. அந்த மனையில் வீடு கட்ட ஆரம்பித்ததும், ஐந்து வாரமாக மாடியில் கூண்டுக்குள் அடைத்து வைத்திருந்தோம். தீனி? வீட்டில் மிஞ்சிய சோறு. எங்கள் வீட்டில் பளபளவென்று பாலிஷ் போட்ட பச்சரிசி. புழுங்கல் அரிசி வாசனை மகளுக்குப் பிடிக்காது.

அட்டைப் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் வயிற்றைத் தடவி முட்டை அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். கால் விரல்கள் உள்பக்கம் சுருண்டிருக்கிறதா, கழுத்து திருகுகிறதா, மூச்சில் சத்தம் வருகிறதா, எச்சம் வெள்ளையாக, பச்சையாகப் போகிறதா, தடுப்பூசி போட்டதா என்று வரிசையாகக் கேள்வி. கோழி திடீரென்று கால் விழுவதற்கு டஜன் காரணம் இருக்கிறதாம். வெள்ளைக் கழிச்சல் என்று ஊரில் சொல்லும் ராணிக்கெட், நரம்பைத் தாக்கும் மாரெக் நோய், சுண்ணாம்புச் சத்துக் குறைவு, முட்டை அடைப்பு, அடி, விஷம். கடைசியாகத்தான் அந்தக் கேள்வி வந்தது.

"என்ன தீனி சார் போடறீங்க?"

"சோறு, டாக்டர்."

"சோறு மட்டுமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. பி காம்ப்ளெக்ஸ் ஊசி ஒன்று போட்டார். தண்ணீரில் கலக்கச் சொட்டு மருந்து கொடுத்தார். தனியாக, கதகதப்பாக வை, தண்ணீர் அலகுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும், தீனியை மாற்று என்றார். "இதனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டு மூணு நாள் பார்ப்போம்."

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து: "ஏண்டா, வெறும் சோத்தப் போட்டா கோழிக்குக் காலு நிக்குமா? தவிட்டப் பெசஞ்சு வைக்கணும்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்க வேண்டும். நான் வெட்கப்பட்டதற்குக் காரணம் வேறு. சில வருடமாக அரிசியின் வரலாறு பற்றிக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். அதில் ஒரு முழுக் கோப்பு, சோறு தின்று கால் விழுந்த கோழிகளைப் பற்றியது. அன்று ராத்திரி அட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோப்பைத்தான் திறந்தேன். (பெட்டிக்குச் சூடு வேண்டும் என்று பழைய குண்டு பல்பு தேடி அலைந்தது தனிக்கதை. எல்இடி காலத்தில் பல்பு சுடுவதில்லை.)

சரி, பட்டாவியாவுக்குப் போவோம். இன்றைய ஜகார்த்தா. அன்று டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தலைநகர்.

1873-இல் சுமத்ராவின் ஆச்சே பகுதியைப் பிடிக்க டச்சு ராணுவம் இறங்கியது. போர் இழுத்துக்கொண்டே போனது. குண்டடியைவிடப் படையை அரித்த விஷயம் பெரிபெரி. நேற்று வரை நடந்த சிப்பாய்க்குக் கால் மரத்துப் போகும், தள்ளாடும், விழும். சிலருக்கு உடம்பு வீங்கி இதயம் நின்றுவிடும். சிறைகளிலும் இதே கதை. சில மாதத் தண்டனைக்கு உள்ளே போனவர் பிணமாக வெளியே வருவது சாதாரணம். 1886-இல் பெக்கெல்ஹாரிங், விங்க்ளர் என்ற இரண்டு நிபுணர்களை டச்சு அரசு அனுப்பியது. கூடவே உதவிக்குப் போனவர் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற இளம் ராணுவ மருத்துவர். பெர்லினில் ராபர்ட் கோஹ்ஹிடம் பாடம் கேட்டவர். காசநோய்க்குக் கிருமி, காலராவுக்குக் கிருமி என்று கோஹ் அடுத்தடுத்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் அது. பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருந்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். மூத்தவர்கள் இருவரும் ஒரு நுண்கிருமியைச் சுட்டிக்காட்டிவிட்டு 1887-இல் ஊர் திரும்பினார்கள். மிச்சத்தை முடிக்க எய்க்மான் மட்டும் ராணுவ மருத்துவமனையில் இருந்த சின்ன ஆய்வுக்கூடத்தில் தங்கினார்.

முயல், குரங்கு என்று ஊசி போட்டுப் பார்த்தார். சரிவரவில்லை. பிறகு கோழி. கோழி விலை குறைவு, நிறைய வாங்கலாம். ஊசி போட்டவை ஒரு பக்கம், போடாதவை ஒரு பக்கம். கொஞ்ச நாளில் கோழிகள் தள்ளாட ஆரம்பித்தன. முதலில் கால், பிறகு இறக்கை, பிறகு கழுத்து. கடைசியில் மூச்சுத் திணறிக் கொண்டை நீலம் பாய்ந்து செத்தன. பெரிபெரிதான் என்று அவர் துள்ளியிருக்க வேண்டும். துள்ள முடியவில்லை. ஊசி போடாத கோழிகளும் அதே மாதிரி விழுந்தன. தொற்றிக்கொண்டதோ என்று தனியாக அடைத்துப் பார்த்தார். அவையும் விழுந்தன.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். புதுக் கோடு போட்ட சர்வரும் விழுகிறது, போடாத சர்வரும் விழுகிறது. அப்படியென்றால் பிழை உன் கோடில் இல்லை, இரண்டுக்கும் பொதுவான எதிலோ இருக்கிறது. அந்தப் பொதுவான ஒன்றை யாரும் லாக் செய்து வைத்திருக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு கூத்து. நவம்பர் கடைசியில் நோய் தானாக நின்றுவிட்டது. விழுந்து கிடந்த கோழிகள் எழுந்தன. புதிதாக ஒன்றும் விழவில்லை. ஆராய்ச்சிக்கு நோயே இல்லை. எய்க்மான் இதைப் பாராட்டத்தக்க விதத்தில் எதிர்கொண்டார் என்று நினைக்கிறேன். ஊசியை மறந்துவிட்டு, கோழிகளுக்கு என்ன மாறியது என்று விசாரித்தார். அவருக்கே தெரியாமல் நடந்த ஒரு சங்கதி வெளியே வந்தது. கோழி பார்த்துக்கொண்டிருந்த ஆள், காசு மிச்சம் பிடிக்க, மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய சோற்றை வாங்கிப் போட்டிருக்கிறான். அது தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. பிறகு சமையல்காரர் மாறினார். ராணுவத்து அரிசியை சிவில் கோழிக்குத் தருவதாவது என்று புதியவர் மறுத்துவிட்டார். கோழிகளுக்குப் பழையபடி தீட்டாத மலிவு அரிசி வந்தது.

தேதிகளைப் பின்னாளில் எய்க்மானே தன் நோபல் உரையில் குறித்திருக்கிறார். வெள்ளைச் சோறு போட்டது ஜூன் 17 முதல் நவம்பர் 27 வரை. நோய் தொடங்கியது ஜூலை 10, மறைந்தது நவம்பர் கடைசியில். அதாவது சோறு ஆரம்பித்த 23-ஆம் நாள் முதல் கோழி விழுந்திருக்கிறது. செவலை ஐந்து வாரம் தாக்குப்பிடித்தது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் புதுச் சமையல்காரரின் பெயர் வரலாற்றில் இல்லை. ஒரு சட்டதிட்டக்காரரின் கஞ்சத்தனம் வைட்டமின் ஆராய்ச்சியின் முதல் படி ஆயிற்று.

எய்க்மான் பிறகு முறையாகவே செய்தார். வெள்ளை அரிசி போட்டால் மூன்று நான்கு வாரத்தில் கோழி விழும். தவிடு சேர்த்தால் எழும். உமி மட்டும் நீக்கிய அரிசி போட்டால் விழவே விழாது. கோழிகளின் இந்த நரம்பு நோய் பற்றி 1890-இல் முதல் அறிக்கை வந்தது. ஆனால் காரணம் என்ன என்று கேட்டால், அரிசியின் மாவுச்சத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்றார். இல்லாத ஒன்று நோய் தரும் என்று அவரால் யோசிக்க முடியவில்லை. கிருமியோ நஞ்சோ, ஏதாவது ஒரு குற்றவாளி உள்ளே நுழைந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்தின் புத்தி. அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அன்று காலை செவலையைப் பார்த்ததும் நான் முதலில் கேட்டது, "பூச்சி மருந்து ஏதாவது தின்னுச்சா?"

கோழிக்கு ஆவது மனிதனுக்கு ஆகுமா? இதற்கு விடை தேடியவர் அடோல்ஃப் ஃபோர்டர்மான், ஜாவாவின் சுகாதார ஆய்வாளர். ஊர் திரும்பும் முன் எய்க்மான் அவரிடம் கோழி விஷயத்தைச் சொல்லியிருந்தார். ஜாவாவின் சிறைகளில் அந்தந்த வட்டாரத்து அரிசியே சமைப்பார்கள், ஆகவே ஒரு சிறையில் தீட்டிய வெள்ளை, இன்னொன்றில் தீட்டாத சிவப்பு. ஃபோர்டர்மான் 101 சிறைகளில் கணக்கெடுத்தார், மொத்தக் கைதிகள் சுமார் 2,80,000. ஒவ்வொரு சிறையிலிருந்தும் அரிசி மாதிரி வாங்கி, தோல் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்துப் பிரித்தார். வெள்ளை அரிசி போட்ட 51 சிறைகளில் 36-இல் பெரிபெரி. தீட்டாத அரிசி போட்ட 37 சிறைகளில் ஒன்றே ஒன்றில். ஆள் கணக்கில், வெள்ளை அரிசிச் சிறையில் 39 பேருக்கு ஒருவர், தீட்டாத அரிசிச் சிறையில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர். கட்டடத்தின் வயது, தரை, காற்றோட்டம், நெரிசல் எல்லாவற்றையும் கூடவே பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை.

எய்க்மான் உடல்நலம் கெட்டு 1896-இல் போய்விட, ஆய்வுக்கூடம் கெரிட் கிரைன்ஸ் கைக்கு வந்தது. என் பார்வையில் இந்தக் கதையின் நாயகன் இவர்தான். மாவுச்சத்து நஞ்சு என்றால் மாவே இல்லாத தீனி போட்டுப் பார்க்கலாமே என்று, அதிக வெப்பத்தில் வேகவைத்த இறைச்சியைக் கோழிகளுக்குக் கொடுத்தார். அப்போதும் கால் விழுந்தது. நஞ்சுக் கதை அங்கேயே முடிந்தது. பாசிப்பயறு போட்டார், கோழி எழுந்தது. இயற்கையான உணவில் நரம்புகளுக்கு வேண்டிய ஏதோ ஒன்று கொஞ்சமாக இருக்கிறது, அது இல்லாமல் போவதுதான் நோய் என்று 1901-இல் எழுதினார். எழுதியது டச்சு மொழியில், பட்டாவியாவில் வந்த மருத்துவ இதழில். ஐரோப்பாவில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? 1911-12 வாக்கில் லண்டனில் காசிமிர் ஃபுங்க் அந்தப் பொருளுக்கு வைட்டமைன் என்று பெயர் வைத்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1929 நோபல் பரிசு எய்க்மானுக்கும் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸுக்கும். கிரைன்ஸுக்கு இல்லை.

இதே சமயம் கடலுக்கு அந்தப் பக்கம் மலாயாவில் நடந்ததில் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பக்கத்துத் தோட்டங்களில் தமிழ்க் கூலிகள். அவர்களை மலேரியா கொன்றது, வயிற்றுக் கடுப்பு கொன்றது, ஆனால் பெரிபெரி அநேகமாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து 1907-இல் தடித்த புத்தகமே போட்டார். சீனர் தின்றது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் தாங்களே குத்திய அரிசி. தமிழர் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. (பிராடனும் பழைய அரிசியில் நஞ்சு பிடிக்கிறது என்றே நினைத்தார். குற்றவாளியை விட மனசு வரவில்லை.)

கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் 1905-இல் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். இன்று நாங்கள் ஏ-பி டெஸ்ட் என்று பெருமையாகச் சொல்வது. பாதிப் பேருக்கு சயாம் பச்சரிசி, பாதிப் பேருக்கு இந்தியப் புழுங்கல். இடத்தில்தான் கோளாறோ என்று நடுவில் இரு தரப்பையும் இடம் மாற்றியும் பார்த்தார். ஒரு பக்கத்தில் சுமார் 120 பேர். பச்சரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்தப் பதினெட்டுப் பேரிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கப் போவதில்லை. எய்க்மானின் கோழிகளிடம் எப்படிக் கேட்கவில்லையோ அப்படி.

புழுங்கலில் என்ன இருக்கிறது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கிற பி1 சத்து நீரோடு அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். நீராவி ஆலைகள் வந்து அரிசியை வெள்ளை வெளேர் என்று ஆக்கியபோது ஆசியா முழுக்க ஜனங்கள் கால் விழுந்து கிடக்க, நெல் அவிக்கும் வழக்கம் இருந்த இடங்கள் தப்பின. யாரும் வைட்டமினுக்காக அவிக்கவில்லை. அவித்தால் குருணை குறையும், பூச்சி அவ்வளவாக வராது. அதற்காகத்தான் எங்கள் பாட்டியும் அவித்தார். சென்னை மாகாணத்திலேயே பெரிபெரி அடித்தது வடக்கே, பச்சரிசி தின்ற தெலுங்குக் கடலோர மாவட்டங்களில். இதை ஆராய 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் மெக்காரிசன் ஒரு பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அவர் வெள்ளை அரிசி போட்டது புறாக்களுக்கு. அந்த ஆய்வுக்கூடம் வளர்ந்து 1958-இல் ஹைதராபாத் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

தவிட்டிலிருந்து அந்தச் சத்தைத் தனியாகப் பிரித்ததும் பட்டாவியாவில்தான். 1926-இல் யான்சன், டோனாத் இருவரும் 300 கிலோ தவிட்டிலிருந்து 100 மில்லிகிராம் படிகம் எடுத்தார்கள். ஒரு வேடிக்கை. அதே 1926-இல்தான் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கோழிகளைக் கும்பல் கும்பலாகக் கொன்ற ஒரு புது நோய் பதிவானது. கொஞ்ச நாளில் குமாவுன் மலையின் ராணிக்கெட்டில் கண்டு அந்த ஊர்ப் பெயரை இங்கே வைத்தார்கள். அது அசலான தொற்று, வைரஸ். எய்க்மான் தேடிய மாதிரியான வில்லன் அவர் பெட்டியை மூடிய பிறகு வந்து சேர்ந்தான். (ராணிக்கெட்டும் ராணிப்பேட்டையும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ராணிப்பேட்டையில் இருப்பது இந்த நோய்க்குத் தடுப்பூசி தயாரிக்கிற அரசு நிறுவனம்.)

பி1 சத்தின் வேதி அமைப்பைக் கண்டு 1936-இல் செயற்கையாகவே தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். மிஷனரிப் பெற்றோருக்கு நெல்லூரில் பிறந்தவர், அன்று அது சென்னை மாகாணம். வேலை பார்த்தது பெல் ஆய்வகத்தில். ஆமாம், பிற்காலத்தில் யூனிக்ஸும் சி மொழியும் பிறந்த அதே இடம். அங்கே அவர் வேலை தொலைபேசிக்கான வேதியியல். வைட்டமின் ஆராய்ச்சி, அலுவலக வேலை போக மிச்ச நேரத்தில். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து அரிசியின் வரலாறு படிக்கிற எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

வியாழக்கிழமை காலையில் செவலை பெட்டிக்குள் எழுந்து நின்றது. கால் நடுங்கியது. ஒரு நிமிடம் கூட இல்லை, உட்கார்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாடியில் நான்கைந்து எட்டு நடந்தது. மகள் அழுதாள், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊசிதான் காரணமா, ஊறவைத்த பாசிப்பயறா, கீரையா, இல்லை வேறு ஏதோ வந்து தானாகப் போனதா? எல்லா மாற்றத்தையும் ஒரே நாளில் போட்டுவிட்டேன், இனி கண்டுபிடிக்க வழியில்லை. டீமில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் கத்தியிருப்பேன். திரும்பவும் வெறும் சோறு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எய்க்மான் அதைத்தான் செய்தார். நான் செய்ய மாட்டேன். இப்போதும் சட்டென்று திரும்பினால் வலது கால் கொஞ்சம் இழுக்கிறது.

தவிடு வாங்கப் போனதைச் சொல்ல மறந்துவிட்டேன். மூன்று மளிகைக் கடையில் இல்லை. ஒரு கடையில் தவிட்டு எண்ணெய் பாக்கெட்டை எடுத்து வைத்தார்கள், இதயத்துக்கு நல்லது என்று. கடைசியில் பஸ் ஏறிப் போய் மாட்டுத் தீவனக் கடையில் பிடித்தேன்.

"எத்தன மாடு சார்?"

"மாடு இல்லீங்க. ஒரு கோழி."

கடைக்காரர் ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்தார்.